வாடிய தொட்டி எலுமிச்சையைத் தழைக்கச் செய்யும் வழி

நம் நெசவாளர் குடியிருப்புகளில் நிலம் என்பது வீடு அமைந்த இடமும், பாவு நீட்டும் தெருவுமேயன்றி வேறில்லை. ஆயினும் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களிலெல்லாம், தாழ்வாரத்து ஓரத்திலோ, முற்றத்திலோ, தறி அறையின் சன்னல் அருகிலோ, தொட்டியில் எலுமிச்சை மரம் ஒன்று நிற்பதை நாம் காண்கிறோம். கோடையில் பழத்தின் விலை ஏறும் நாட்களில் ஒரு குடும்பத்தின் ஊறுகாய்க்கும் பானகத்துக்கும் அதுவே போதுமானதாகிறது. விதையிட்டு வளர்த்த எலுமிச்சை காய்க்க 4 அல்லது 5 ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டு உழைப்பும் ஒரே மாதத்தில் வாடி உதிர்ந்துபோவதையும் நாம் பல இல்லங்களில் கண்டிருக்கிறோம்.

மரம் வாடியதும் வீட்டார் செய்வன பெரும்பாலும் மூன்று. முதலில் தண்ணீரை அதிகமாக்குவார்கள். அது பயன்படாவிடின் ஒரு பிடி எருவோ ரசாயன உரமோ இடுவார்கள். அதற்கும் மரம் இசையாவிடின் கண்ணேறு பட்டுவிட்டது என்பார்கள். எலுமிச்சம்பழத்தைக் கொண்டே பிறருக்குக் கண்ணேறு கழிக்கும் நாம், அம்மரத்துக்கே கண்ணேறு என்று கூறுவது சற்று வியப்புக்குரியதுதான்! மூன்றில் கடைசியானது மரத்துக்கு நன்மையோ தீமையோ செய்வதில்லை. முதல் இரண்டுமோ, உயிரோடிருக்கும் மரத்தையும் மாய்த்துவிடக் கூடியவை. ஆதலின் அங்கத்தினர் அனைவரும் மனத்திற்கொள்ள வேண்டிய விதி ஒன்றை முதலிலேயே கூறிவிடுகிறோம். வாடிய மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுமுன், அதன் வேர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தறிய வேண்டும்.

வேரின் வரவும் இலையின் செலவும்

மரத்தின் நீர்க் கணக்கு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போன்றது. வேர் நீரை உறிஞ்சுவது வரவு. இலைகளிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியே அந்நீர் ஆவியாகிச் செல்வது செலவு. வரவு செலவுக்கு ஈடுகொடுக்கும்வரை இலை விறைப்பாக நிற்கும். செலவு மிஞ்சினால் இலை துவளும். இவ்வளவுதான் வாட்டத்தின் பொருள். வரவு ஏன் குறைந்தது என்பதை இலை கூறாது.

வரவு குறைவதற்கு இரு காரணங்கள் உண்டு. மண்ணில் ஈரம் இல்லாமற் போவது ஒன்று. மண்ணில் ஈரம் மிகுந்து, உறிஞ்சும் வேரே இறந்துபோவது மற்றொன்று. இரண்டாவதை நம்பப் பலர் தயங்குகிறார்கள். வேரும் சுவாசிக்கிறது என்பதை அறிந்தால் இத்தயக்கம் நீங்கும். மண் துகள்களுக்கு இடையேயுள்ள சந்துகளில் காற்று நிற்கிறது. அதிலுள்ள பிராணவாயுவைக் கொண்டே வேர் உழைக்கிறது. தொட்டியில் இடைவிடாது நீர் நின்றால் அச்சந்துகளிலிருந்து காற்று வெளியேறிவிடும். முதலில் மடிவன நுனியிலுள்ள மெல்லிய வேர்களே. நீரை உறிஞ்சுபவையும் அவையே. அதன் பின்னர் பைட்டோப்தோரா என்னும் அழுகல் நோய்க்கிருமி குடியேறுகிறது. அதன் வித்துக்கள் நீரில் நீந்திச் சென்று வேரைப் பற்றும் இயல்புடையவை; ஆகவே தேங்கிய நீர் அவற்றுக்குப் பாதையாகவே அமைகிறது. இந்நிலையில் மரம் நீர் நடுவே நின்றுகொண்டு தாகத்தால் வாடுகிறது. நாமோ அதற்கு மேலும் நீர் ஊற்றுகிறோம்.

எலுமிச்சைக் குடும்பத்து மரங்களின் பூர்வீகம் கிழக்கு இமயத்தின் அடிவாரமும் அதனையடுத்த வடகிழக்கு இந்திய, பர்மிய, தென் சீன மலைப் பகுதிகளுமாகும் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். அங்கே மழை மிகுதி. ஆயினும் சரிவான நிலமாதலால் நீர் தங்குவதில்லை. வெயிலும், வந்து செல்லும் நீரும், காற்றோட்டமுள்ள மண்ணுமே இம்மரத்தின் தேவைகள். வீட்டுக்குள் வைத்த தொட்டியில் இம்மூன்றுமே குறைந்துபோகின்றன.

வீட்டுக்குள் மரம் ஏன் விரைவில் வாடுகிறது?

நண்பகலில் வெட்டவெளியில் ஒளியின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். வீட்டினுள் சன்னலிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்றால் அது சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடும். நம் கண் இருளுக்கும் ஒளிக்கும் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்வதால் இவ்வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. அறை வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று எண்ணுகிறோம். மரத்துக்கோ அது பட்டினி. இலை உணவு சமைப்பது குறைகிறது. நீரின் செலவும் குறைகிறது. வெளியே இருந்தபோது ஊற்றிய அளவையே உள்ளேயும் ஊற்றிவந்தால், செலவாகாத நீர் தொட்டியில் தேங்கி வேரை அழுக்குகிறது. ஆகவே வீட்டுக்குள் வைத்த மரத்தின் வாட்டத்தில் ஒளிக்குறைவும் நீர்மிகுதியும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.

பிரான்சு தேசத்தில் வெர்சேல்ஸ் அரண்மனையில் ஆரஞ்சு மரங்களுக்கெனவே 1684 முதல் 1686 வரை ஒரு பெரும் மண்டபம் கட்டினார்கள். மரப்பெட்டிகளில் வளர்க்கப்படும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அக்டோபர் மாதத்தில் அதனுள் கொண்டுபோகப்பட்டு, மே மாதத்தில் மீண்டும் வெளியே வைக்கப்படுகின்றன. தெற்கு நோக்கிய உயர்ந்த சன்னல்களையுடைய அம்மண்டபமும் குளிர்காலத்துப் புகலிடம் மட்டுமே. உறைபனி விழும் நாட்டிலேயே இம்மரத்தை ஆண்டு முழுவதும் உள்ளே வைப்பதில்லை என்றால், ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில் அதனைக் கூடத்து மூலையில் வைப்பதற்கு நியாயம் ஏது? நாள்தோறும் 6 மணி நேரமேனும் நேர் வெயில் படும் மாடி, முற்றம், தெருத்திண்ணை ஆகியவையே அதற்கு உரிய இடங்கள். வேறு வழியின்றி உள்ளே வைப்போர் சன்னலை ஒட்டி, கிழக்கு அல்லது தெற்கு வெயில் விழும் இடத்தில் வைக்க வேண்டும்.

காரணத்தைக் கண்டறியும் ஐந்து சோதனைகள்

இச்சோதனைகளுக்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை. கால்மணி நேரம் போதும்.

முதலாவது, விரற் சோதனை. ஆள்காட்டி விரலை மண்ணில் 5 செ.மீ. ஆழம் செலுத்திப் பார்க்க வேண்டும். மேல்மண் காய்ந்திருந்தும் உள்ளே ஈரம் ஒட்டினால் மரத்துக்குத் தாகம் இல்லை என்று கொள்ளலாம். பெரிய தொட்டியாயின் ஈர்க்குச்சி ஒன்றை அடிவரை செலுத்தி எடுத்தால் அதில் ஒட்டிய மண் உண்மையைக் கூறும்.

இரண்டாவது, எடைச் சோதனை. தொட்டியைச் சற்றுச் சாய்த்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். காய்ந்த தொட்டி வியக்கத்தக்க அளவு இலேசாக இருக்கும். சில நாட்கள் பழகினால் கையே தராசாகிவிடும்.

மூன்றாவது, இலைச் சோதனை. நீர் போதாத மரத்தின் இலை உட்புறமாகச் சுருண்டு தோணி போலாகி மொரமொரப்பாகும். வேர் அழுகிய மரத்தின் இலை மஞ்சளித்துத் துவண்டு, தொட்டால் உதிரும். வெயிலிலிருந்து திடீரென்று நிழலுக்கு மாற்றிய மரம் பச்சை இலைகளையே கொத்துக் கொத்தாக உதிர்க்கும்; அதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

நான்காவது, நகச் சோதனை. இலையற்ற கிளையின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறினால் உள்ளே பசுமை தென்பட வேண்டும். தென்பட்டால் கிளை உயிரோடிருக்கிறது. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் அவ்விடம் இறந்துவிட்டது. நுனியிலிருந்து அடிநோக்கிக் கீறிக்கொண்டே வந்தால் உயிர் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஐந்தாவதும் முடிவானதும் வேர்ச் சோதனை. தொட்டியைப் படுக்கவைத்து, பக்கங்களைத் தட்டி, அடிமரத்தைப் பிடித்து மண்கட்டியோடு மெல்ல உருவ வேண்டும். நல்ல வேர் வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, புளித்த நாற்றம் வீசும். விரலால் இழுத்தால் பட்டை உறையைப் போலக் கழன்றுவந்து, உள்நரம்பு மட்டும் நூலிழை போல் நிற்கும். நூலோடு பழகிய நம் அங்கத்தினருக்கு இவ்வடையாளத்தை இரண்டாம் முறை கூற வேண்டியதில்லை.

தறி வீட்டுக்கே உரிய தொல்லைகள்

நெசவாளர் இல்லங்களில் வாடும் மரங்களுக்கு வேறு சில காரணங்களும் உண்டு. தோட்டக்கலை நூல்களில் இவை காணப்படுவதில்லை.

சாயம் தோய்த்த நீரையும், சாயநூல் அலசிய நீரையும், வீணாக வேண்டாமே என்று தொட்டியில் ஊற்றிவிடுவது ஒன்று. பருத்தி நூலில் சாயம் பற்றுவதற்காகக் கறியுப்பும் சலவைச் சோடாவும் நாம் தாராளமாகச் சேர்க்கிறோம். அந்நீரில் எஞ்சுவது அவ்வுப்பே. எலுமிச்சை இனம் உப்பைச் சற்றும் பொறுக்காதது. இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்தாற்போல் கருகுவதும், தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பொருக்குப் படிவதும் அதன் அடையாளங்கள். நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட அணை திருப்பூர்ச் சாயக் கழிவின் உப்பைத் தேக்கும் இடமாகிப் போனதும், அந்நீரால் விளைநிலங்கள் கெட்டதும், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டதும் நம் விவசாய அங்கத்தினர் நன்கறிந்தவை. அணைக்கு நேர்ந்த கதியே தொட்டிக்கும் நேருகிறது.

பாவுக்குப் பூசி எஞ்சிய கஞ்சியைத் தொட்டியில் கொட்டுவது மற்றொன்று. அரிசி கழுவிய நீர் அளவோடு ஊற்றினால் தீங்கில்லை. கெட்டியான கஞ்சியோ மண்ணின் சந்துகளை அடைத்துப் புளித்து, வேருக்குரிய பிராணவாயுவைத் தானே எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது, பஞ்சுத் தூசி. தறி ஓடும் அறையில் நிற்கும் மரத்தின் இலைமேல் மெல்லிய தூசி படர்ந்து, இருக்கும் சிறிதளவு ஒளியையும் மறைக்கிறது. தூசியும் வறண்ட காற்றும் சேர்ந்த இடத்தில் சிவப்புச் சிலந்திப்பேன் பெருகும். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் இலையின் இருபுறமும் துடைத்துவிட்டால் இவ்விரண்டும் நீங்கும்.

ஒரு வீட்டில் கண்டது

சங்கப் பணியின் நிமித்தம் சென்ற ஊர் ஒன்றில், மூத்த அங்கத்தினரான அம்மையார் ஒருவர் தம் வீட்டு எலுமிச்சையைக் காட்டி வருந்தினார். மகள் பள்ளியில் படித்த நாளில் விதையிட்டு வளர்த்தது. அவள் மணமாகிச் சென்ற ஆண்டில்தான் முதற்காய் கண்டதாம். “இரண்டு வேளையும் ஊற்றுகிறேன் ஐயா, ஊற்ற ஊற்ற வாடுகிறதே” என்றார். மழைக்கு அஞ்சி ஐப்பசியில் மரத்தை உள்ளே கொண்டுவந்து கூடத்துச் சுவரோரம் வைத்திருந்தார். சிமெண்டுத் தரை நனையாதிருக்கத் தொட்டியின் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் மூன்று விரற்கடை நீர். மரத்தில் மூன்றில் ஒரு பங்கு இலைகூட இல்லை.

அம்மையாரின் அனுமதி பெற்று, அவருடைய பேரனும் நாமுமாகத் தொட்டியைக் கவிழ்த்தோம். கீழ்ப்பாதி வேர் முழுவதும் கறுத்திருந்தது. மேற்பாதி நலமாக இருந்தது. பட்டையைக் கீறிப் பார்த்ததில் அடிக்கிளைகள் மூன்றிலும் பசுமை இருந்தது. கீழே கூறப்போகும் முறைப்படி எல்லாம் செய்தோம். இருந்த ஐந்து காய்களையும் பறித்துவிடச் சொன்னபோதுதான் அம்மையார் மிகவும் தயங்கினார். மரம் பிழைத்தால் காய் பின்னரும் வரும் என்று பேரன் எடுத்துக்கூறிய பின்னரே இசைந்தார். இரண்டு மாதம் கழித்து அச்சங்கத்துக்கு மீண்டும் சென்றபோது, மூன்று கிளைகளில் இரண்டு துளிர்த்திருந்தன. மூன்றாவது காய்ந்துவிட்டது, அதனை வெட்டிவிட்டிருந்தார்கள்.

சிகிச்சை முறை

மண் காய்ந்ததனால் வாடிய மரத்துக்குச் சிகிச்சை எளிது. அளவு கடந்து காய்ந்த மண் நீரை உள்ளே ஏற்காது. ஊற்றிய நீர் ஓரமாக வழிந்து துவாரத்தின் வழியே ஓடிவிடும். அதனைக் கண்டு மண் நனைந்துவிட்டது என்று ஏமாறலாகாது. ஒரு வாளி நீரில் தொட்டியை அரைமணி நேரம் அமிழ்த்தி வைத்து, பின் எடுத்து முற்றும் வடியவிட வேண்டும். மாலைக்குள் இலை நிமிரும்.

உப்பினால் வாடிய மரத்துக்கு, மண்ணை அலசுவதே மருந்து. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு நல்ல நீரை, ஒரே முறையாகக் கொட்டாமல் சிறிது சிறிதாக ஊற்றி, அடித்துவாரத்தின் வழியே வெளியேறவிட வேண்டும். மழைநீர் கிடைத்தால் மிகவும் நன்று.

வேர் அழுகிய மரத்துக்கே அதிகக் கவனம் தேவை. அதற்குரிய படிகள் பின்வருமாறு:

1. கத்தியையோ கத்தரிக்கோலையோ ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்க. கறுத்த வேர்கள் அனைத்தையும் உறுதியான பகுதி தென்படும்வரை வெட்டி நீக்குக. பழைய ஈரமண்ணை உதறிவிடுக. அதனை வேறு செடிக்கு இடாதீர்கள்.

2. புதிய மண் கலவை தயாரிக்க. செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு எரு 1 பங்கு என்பது எங்கும் கிடைக்கும் கலவை. களிமண்ணும் வண்டலும் தொட்டிக்கு ஆகா. தென்னை நார்க்கழிவு சேர்ப்போர், அதிலுள்ள உப்பு நீங்க இருமுறை அலசிச் சேர்க்க வேண்டும்.

3. வேர் குறைந்துவிட்டதால் தொட்டியும் அதற்குத் தக்கதாக இருத்தல் வேண்டும். சிறிய வேருக்குப் பெரிய தொட்டி கொடுத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி மீண்டும் அழுகல் வரும். மண்தொட்டி பக்கங்களின் வழியேயும் ஈரத்தை வெளிவிடுமாதலால், நோயுற்ற மரத்துக்கு அது பிளாஸ்டிக் தொட்டியினும் ஏற்றது.

4. துவாரத்தின் மேல் மண் ஒழுகாதிருக்க ஓட்டுச் சில் ஒன்று போதும். அடியில் கனமாகச் சரளைக்கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பது பரவலான எண்ணம். உண்மை அதற்கு மாறானது. நுண்மண்ணிலிருந்து பருங்கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். அதனால் வேருக்குரிய இடம் குறைவதே கண்ட பலன்.

5. முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுக. அடிமரமும் வேரும் கூடும் கழுத்துப் பகுதியை மண் மூடக் கூடாது; மூடினால் பட்டை அழுகிப் பிசின் வடியும். ஒட்டுக்கட்டிய சாத்துக்குடி, ஆரஞ்சு மரங்களில் ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் துளிர்களை நீக்கிவிடுக.

6. செலவைக் குறைக்க. காய்ந்த கிளைகளைப் பசுமை தெரியும்வரை வெட்டி, பூவும் காயும் இருப்பின் எல்லாவற்றையும் பறித்துவிடுக. வேரில் மூன்றிலொரு பங்கு போயிருந்தால், கிளையிலும் ஏறத்தாழ அவ்வளவு குறைத்துவிடலாம். வருவாய் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்கிப் பிழைப்பது போன்றதே இது.

7. ஒரு முறை நன்றாக நீர் ஊற்றி வடியவிட்டு, காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள நிழலில் வைக்க. நேர் வெயில் இப்போது கூடாது. மேல்மண் 3 முதல் 5 செ.மீ. ஆழம் காயும்வரை மறு நீர் இல்லை. கீழே தட்டு வைத்தே தீர வேண்டுமாயின், இரு செங்கற்கள் மீது தொட்டியை உயர்த்தி, வடிந்த நீரை உடனே கொட்டிவிடுக.

8. உரம் எதுவும் வேண்டாம். இதனைப் பலர் கேட்பதில்லை. உறிஞ்சும் வேர் இல்லாத மரத்துக்கு இட்ட உரம், கரைந்து உப்பாக நின்று, எஞ்சிய வேரையும் எரிக்கும். திருப்பிச் செலுத்தும் சக்தியற்ற அங்கத்தினருக்கு மேலும் கடன் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகும்.

துளிர்த்த பின் கவனம்

4 முதல் 8 வாரங்களுக்குள் துளிர் தோன்றுதல் வேண்டும். அதுவரை பட்டையில் பசுமை இருக்குமாயின் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. துளிர் விரிந்த பின்னர், முதல் மூன்று நாட்கள் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த மூன்று நாட்கள் இரண்டு மணி நேரம் என்று படிப்படியாகக் கூட்டி, இரு வாரங்களில் முழு வெயிலுக்குக் கொண்டுவரலாம். நிழலில் வளர்ந்த இலையை ஒரே நாளில் சித்திரை வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகும். கோடையில் மாடித்தளத்தில் தொட்டியின் பக்கங்களே சுட்டு வேரை வேகவைக்குமாதலால், மேற்கு வெயில் படும் பக்கத்தில் நனைத்த கோணியைச் சுற்றுவது நலம். உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் மார்கழி, தை மாதங்களில் மண் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிருமானால் வேர் ஏறத்தாழ ஓய்ந்துவிடும். அங்கே அக்காலத்தில் நீரைப் பெரிதும் குறைக்க வேண்டும்.

முதல் துளிர் முதிர்ந்து கரும்பச்சையான பின்னரே எரு இடத் தொடங்கலாம். மாதம் ஒரு முறை இரு கைப்பிடி மண்புழு உரம் தொடக்கத்துக்குப் போதும். பழைய இலைகள் ஒரேசீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. புதிய இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து கிட்டவில்லை. சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரும், புதுச் சிமெண்டுத் தொட்டியும் இதற்குக் காரணமாவதுண்டு. புதிய இலை சிறுத்துக் குறுகி நரம்புகளுக்கிடையே வெளிறினால் துத்தநாகக் குறைவு. அதற்கு 1 லிட்டர் நீரில் 5 கிராம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, இலை கருகாதிருக்க அதில் பாதியளவு நீற்றிய சுண்ணாம்பும் சேர்த்து வடிகட்டி, மாலையில் தெளிக்கலாம்.

இளந்துளிரைத் தேடிப் பூச்சிகளும் வரும். பறவை எச்சம் போலத் தோன்றி, பின்னர் பச்சை நிறமாகும் புழு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியினுடையது. தொட்டி மரத்தில் கையால் பொறுக்கிவிடுவதே போதும். இலையில் வெள்ளி நிறக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடினால் அது இலைத்துளைப்பான். இதற்கும் சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கும் 1 லிட்டர் நீரில் 3 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம்.

காப்பாற்றக் கூடாத மரம்

இலை மஞ்சளிப்பதில் ஒரு வகை மட்டும் தனிப்பட்டது. இலையை நடுநரம்பில் மடித்துப் பார்க்கும்போது, மஞ்சள் திட்டுகள் இருபாதியிலும் ஒத்திருந்தால் அது பெரும்பாலும் சத்துக்குறைவு. ஒரு பாதிக்கும் மறுபாதிக்கும் ஒவ்வாமல் தாறுமாறாகத் திட்டுகள் இருந்து, காய்களும் கோணலாகிச் சிறுத்தால், அது பசுமைநோய் எனப்படும் பாக்டீரியா நோயோ என்று ஐயுற வேண்டும். இந்நோயை மரத்துக்கு மரம் கொண்டுசெல்வது சைலிட் என்னும் சிறு தத்துப்பூச்சி. இப்பூச்சி கறிவேப்பிலைச் செடியின் துளிரிலும் இனிது வாழ்வது. நம் வீடுகளிலோ எலுமிச்சையும் கறிவேப்பிலையும் அருகருகேதான் நிற்கின்றன.

நோயுற்ற மரத்தைக் குணப்படுத்தவல்ல மருந்து இல்லை. அம்மரம் உடனே மடிவதுமில்லை. ஆண்டுக்கணக்கில் நின்று, சுற்றுப்புறத் தோப்புகளுக்கு நோயை வழங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இந்நோய் 2005-ல் கண்டறியப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிகளுக்கு மேல் ஆரஞ்சு விளைந்த அம்மாநிலத்தில், 2022-23 பருவத்தில் விளைந்தது 2 கோடிப் பெட்டிகளுக்கும் குறைவு. புயல்களும் காரணமே, ஆயினும் முதற்காரணம் இந்நோய். ஆகவே ஐயத்துக்குரிய இலை தென்பட்டால் தோட்டக்கலைத் துறை அலுவலரிடமோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டி உறுதி செய்துகொண்டு, நோய் மெய்யாயின் மரத்தை வேரோடு நீக்கிவிட வேண்டும். அருமையாக வளர்த்த மரத்தை நீக்குவது மனத்துக்கு வருத்தமே. அண்டைக் கிராமத்தில் அரை ஏக்கர் எலுமிச்சையை நம்பி வாழும் அங்கத்தினரும் நம் கூட்டுறவைச் சேர்ந்தவர்தாம் என்பதை அப்போது நினைவிற்கொள்ள வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியவை

ஒரு தொட்டிக்காக ஒரு வண்டி மணலோ, ஒரு மூட்டை மண்புழு உரமோ வாங்குவார் இல்லை. பத்து அங்கத்தினர் சேர்ந்து வாங்கினால் செலவு பத்தில் ஒன்றாகும். நல்ல கத்தரிக்கோல் ஒன்றைச் சங்கத்தில் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஆயின் அதனுடன் ஒரு ஸ்பிரிட் குப்பியும் இருத்தல் வேண்டும். துடைக்காத கத்தரிக்கோல் ஒரு வீட்டு நோயை மறுவீட்டுக்கு எடுத்துச் செல்லும். கன்று வாங்கும்போது சந்தையில் கண்டதை வாங்காமல், நம்பத்தக்க நாற்றங்காலிலிருந்து மொத்தமாகத் தருவிக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளியான பி.கே.எம்.1 என்னும் எலுமிச்சை இரகம் நம் மாநிலத்துக்கு ஏற்றதாக அறியப்பட்டது.

மழைக்காலத்தில் மரத்தை உள்ளே கொண்டுசெல்ல எண்ணுவோர், அதற்கு முன் தொட்டியின் அடித்துவாரத்தில் ஒரு குச்சியைச் செலுத்தி அது திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்களாக. துவாரம் திறந்திருந்தால் மரம் மழையில் நிற்கலாம். உள்ளே கொண்டுவர வேண்டியதே இல்லை.